நிரம்பப் பிடிக்கிற நேரம்

அந்தச் சத்தம் கேட்கவில்லை. அதனால்தான் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஏரிக்கரையிலிருந்து இறங்கி எங்கள் கொல்லைக்குப் போகும் வண்டித்தடம் பனியில் நனைந்திருந்தது. புல்நுனிகள் கணுக்காலில் பட்டுச் சில்லென்றன. கையில் ஒரு துணிப்பை. நாலு வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கி வந்து உப்புப் போட்டு வேகவைக்கலாம் என்று கிளம்பியிருந்தேன்.

வேப்பமரத்து வளைவு வந்ததும் வழக்கமாக அது கேட்கும். மோட்டார் கொட்டகைக்குள்ளிருந்து, தகரத்தை நகத்தால் சுண்டினாற்போல ஒரு ‘டிக்’. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ‘டிக்’. என் கொழுந்தனார் தேவராஜ் காட்டுப்பன்றிகளுக்காக வாங்கி மாட்டியிருந்த மின்வேலிப் பெட்டியின் சத்தம் அது. அன்றைக்கு வேப்பமரத்தில் மைனாக்கள் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தன.

பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கொட்டகையருகே போனேன். கதவில் பூட்டு. ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன்.

பெட்டி சுவரில்தான் தொங்கியது. ஆனால் அதிலிருந்து வேலிக்குப் போகும் ஒயர் கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது. மோட்டாருக்கான பியூஸ் பலகையிலிருந்து புதிதாக ஒரு கறுப்பு ஒயர் கிளம்பி, ஜன்னல் மூலை வழியே வெளியே வந்து, நான் ஊன்றியிருந்த கைக்கு ஒரு சாண் தள்ளி, வேலிக்கம்பியில் சுற்றியிருந்தது.

கையை எடுத்துக்கொண்டேன். பெட்டி ஓய்ந்திருந்தது. வேலியில் மெயின் லைன் மின்சாரம் நேராக ஓடிக்கொண்டிருந்தது.

பன்றிகள் கண்டுபிடித்த கொல்லை

இந்தத் தொடரில் இதுவரை பள்ளிக்கூடத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வாசகி குறைப்பட்டிருந்தார். புகுந்த வீட்டைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்று கேட்டிருந்தார். எழுதக்கூடாது என்றில்லை. அங்கே பெரும்பாலும் நெல்லும் கடலையும் விளைந்தன, அவ்வளவுதான்.

நான் காஞ்சிபுரம் டவுனில் பிறந்தவள். கல்யாணமாகி உத்திரமேரூருக்குப் பக்கத்திலிருக்கும் இந்தக் கிராமத்துக்கு வந்தேன். என் கணவர் காஞ்சிபுரத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போகிறார். நிலத்தைப் பார்ப்பது அவருடைய தம்பி தேவராஜ். ஓரகத்தி மஞ்சுளாவும் அவனும் அதே வீட்டின் பின்கட்டில் இருக்கிறார்கள்.

தேவராஜ் சோம்பேறியில்லை. கோபக்காரனுமில்லை. எதையும் பாதியில் விடமாட்டான். ஒரு முறை ஏரி மடையில் சிக்கிய மரக்கிளையை எடுக்கிறேன் என்று இறங்கி, எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகும் தண்ணீருக்குள்ளேயே நின்றிருக்கிறான். அந்தக் குணத்தைப் பாராட்டுகிறவர்களும் உண்டு. அதோடு குடித்தனம் பண்ணுவது வேறு விஷயம் என்று மஞ்சுளா சொல்வாள்.

ஏரிக்கு அந்தப் பக்கம் முட்காடு. அங்கிருந்து பன்றிகள் வரத் தொடங்கி சில வருஷமாகிறது. நெல்லை மிதிக்கும், கரும்பை ஒடிக்கும். கடலை என்றால் அவற்றுக்கு விருந்து. செடி பூத்து, விழுது மண்ணில் இறங்கி, காய் பால் பிடிக்கும்வரை எட்டிப் பார்க்காது. பிடித்த மறுநாள் வரும். மூக்கால் ஒரு வரிசையை உழுதுகொண்டே போய்விடும்.

தேவராஜ் பழைய சேலைகளைக் கட்டிப் பார்த்தான். பட்டாசு வெடித்துப் பார்த்தான். கடைசியில் உத்திரமேரூர் கடைத்தெருவில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் ஒருவர் உதிரி பாகங்களைக் கூட்டிச் செய்து கொடுத்த பெட்டியை வாங்கி வந்தான். கொட்டகைக் கூரைமேல் சூரியத் தகடு ஒன்று, உள்ளே ஒரு பேட்டரி, கொல்லையைச் சுற்றிச் சவுக்குக் கழிகளில் மூன்று வரிசைக் கம்பி.

முதல் வாரத்திலேயே ஒரு பன்றி வீறிட்டுக்கொண்டு ஓடியதை அவன் எல்லாரிடமும் நடித்துக் காட்டினான்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதற்கு என் வகுப்பறை வழியாகத்தான் போகவேண்டியிருக்கிறது. வாசகி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் மின்தேக்கி பாடம் வரும்போது நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டைக் கரும்பலகையில் வரைவேன். காலி பஸ் ஒன்று வந்து நிற்கிறது. ஜனம் ஏறுகிறது. அந்த பஸ்தான் மின்தேக்கி. படிக்கட்டின் குறுகல்தான் மின்தடை. ஒரு மூச்சில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது மின்னோட்டம்.

ஆரம்பத்தில் வண்டி காலி. சரசரவென்று ஏறுவார்கள். பாதி நிறைந்ததும் உள்ளே நிற்பவர்களின் முதுகே தடுக்கத் தொடங்கும். ஏறும் வேகம் குறையும். கடைசி நாலு பேரை ஏற்றுவதற்குள் கண்டக்டருக்குத் தொண்டை கட்டிவிடும். மின்தேக்கியும் அப்படித்தான். முதலில் ஓட்டம் அதிகம், நிரம்ப நிரம்ப ஓட்டம் குறையும்.

படிக்கட்டை அகலமாக்கினால் சீக்கிரம் நிரம்பும். குறுக்கினால் நேரம் பிடிக்கும். ஆனால் வண்டி கொள்ளுகிற கூட்டம் ஒன்றுதான், அது படிக்கட்டைப் பொறுத்து மாறாது. பரீட்சையில் பாதிப் பேர் தப்பு விடுவது இந்த இடத்தில்தான்.

“மிஸ், அதுக்கு மேல டோர்ல தொங்கினா?” என்று ஒவ்வொரு வருஷமும் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்.

“வெடிக்கும்” என்பேன். சிரிப்பார்கள். பாடம் முடியும்.

தேவராஜின் பெட்டியும் இதையேதான் செய்தது. பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுத்து, அதன் அழுத்தத்தை ஏற்றி, ஒரு ரெசிஸ்டர் வழியாக மின்தேக்கியில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும். நிரம்பியதும் அத்தனையையும் கண்ணிமைக்கும் நேரத்தில் வேலியில் கொட்டிவிடும். அதுதான் அந்த ‘டிக்’. கொட்டி முடித்தால் அடுத்தது நிரம்பும்வரை அது வெறும் கம்பி. தொட்டவர் சுரீர் என்று வாங்கிக்கொண்டு, அந்த இடைவெளியில் கையை எடுத்துக்கொள்வார். ஆளைத் தூக்கிப்போடும். கொல்லாது.

ஊரில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. பெரியவர்கள் வேண்டுமென்றே ஒருவரையொருவர் தள்ளிவிட்டுச் சிரித்ததையும் பார்த்திருக்கிறேன்.

பூத்துப்போன முனை

தொடர்ந்து மழை மூட்டமாக இருந்த நாட்களில் ஒரு சாயங்காலம் தேவராஜ் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“அண்ணி, நீ கரெண்ட் பாடம்தானே நடத்துற? அந்தப் பொட்டி தூங்கிக்கினு கீது. வந்து இன்னான்னு ஒரு தபா பாரேன்.”

போய்ப் பார்த்தேன். ‘டிக்’ கேட்டது. ஆனால் அடுத்தது வருவதற்குள் ஒரு வாக்கியம் பேசி முடித்துவிடலாம் போலிருந்தது. பெட்டியைத் திறக்க எனக்குத் தெரியாது. பேட்டரியைப் பார்த்தேன். அதன் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, ஒயர் பாதி மறைந்திருந்தது.

“இதுதான். இது வழியா கரெண்ட் சரியா வரல. கொஞ்சமா வந்தா நிரம்ப நேரமாகும்.”

ஒயரைக் கழற்றி, வெந்நீர் ஊற்றி, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் அவனே தேய்த்தான். துடைத்து, வேசலைன் தடவி, திரும்ப முடுக்கியதும் பெட்டி பழையபடி சுண்ட ஆரம்பித்தது.

“பல்லு வெளக்கி உட்டதும் எப்பிடிப் பேசுது பாரு!” என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பெட்டியையே பார்த்தான். “ஏன் அண்ணி, இந்த அழுக்க எடுத்ததுக்கே இவ்ளோ வேகம் வருதே. உள்ள கீற தடையையும் கொறச்சிட்டா?”

“இன்னும் சீக்கிரம் நிரம்பும். ஓட்டம் அதிகமாகும். பேட்டரியும் அதே வேகத்துல காலியாகும்.”

“நடுவுல அது சும்மா கீது இல்ல? அந்த கேப்புலதான் பன்னி பூந்துடுது. நான் பாத்தேன்.”

“அந்த கேப்பு இருக்கிறதாலதான் தெரியாம தொட்டவங்க பொழைச்சுக்கிறாங்க, தேவராஜ்.”

“மனுசாளுங்க ராத்திரியில அங்க இன்னாத்துக்கு வராங்க?” என்றான். கேட்டது நியாயமான கேள்விபோல அப்போது இருந்தது.

அடுத்த வாரம் உத்திரமேரூருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ரெசிஸ்டரை மாற்றச் சொல்லியிருக்கிறான். கடைக்காரர் முதலில் மறுத்திருக்கிறார். இவன் விடவில்லை. அன்று ராத்திரி பெட்டி கடகடவென்று அடித்ததாம். கொட்டகையிலேயே பாய் விரித்துப் படுத்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான்.

மழை மூட்டத்தில் அரைகுறையாக ஏறியிருந்த பேட்டரி விடியும்முன்பே தீர்ந்துபோனது. பன்றிகள் வந்தன.

காலையில் நான் பார்த்தபோது கிழக்கு மூலை முழுக்கப் புரட்டிப்போட்ட மண். தேவராஜ் வரப்பில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு செடி. வேரில் பால்காய்கள் நசுங்கி, மண்ணோடு சேர்ந்து வெள்ளையாக ஒழுகிக்கொண்டிருந்தன. அந்தப் பச்சை வாடை வரப்பு முழுக்க இருந்தது.

மஞ்சுளா பக்கத்தில் நின்று கேட்டாள். “பாயும் தலகாணியும் எடுத்துக்கினு போனியே, இன்னாத்தக் காவ காத்த?”

அவன் செடியைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தான்.

“இனிமே எப்பிடி வருதுன்னு பாக்கறேன்.”

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. “மெயின்ல கியின்ல கோத்துடாதே” என்றேன். காதில் வாங்காததுபோலப் போனான். வீட்டில் என் கணவரிடம் சொன்னபோது, “அவன் பேஜார்ல பேசறான், உடு” என்றார். இரண்டு நாள் கழித்து பெட்டி பழைய ரெசிஸ்டரோடு திரும்பி வந்து, பழைய நிதானத்தோடு சுண்டியது. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை என்பது ஜன்னல் வழியாகத்தான் தெரிந்தது. இருட்டியதும் பெட்டியைக் கழற்றிவிட்டு வேலியை மெயினில் மாட்டுவது, விடிந்ததும் மெயினைக் கழற்றிப் பெட்டியை மாட்டுவது என்று சில நாளாகச் செய்துகொண்டிருந்திருக்கிறான். மஞ்சுளாவுக்குக்கூடத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை, மாற்ற மறந்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போயிருந்தான்.

பாம்பு

தேவராஜுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடங்கியது. மஞ்சுளாவுக்குப் போட்டேன்.

“கொட்டகை சாவி யார்கிட்ட இருக்கு?”

“அவரண்டதான் அக்கா. டீ குடிக்கப் போனாரு. ஏன்?”

“கூப்பிட்டு ஓடி வரச் சொல்லு. வேலியில நேரா மெயின் கோத்திருக்கான்.”

அந்தப் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம். லைன் கட்டானது.

பூட்டை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கல்லால் உடைக்கலாமா என்று சுற்றுமுற்றும் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் மணிச்சத்தம் கேட்டது. ஆட்டின் கழுத்து மணி.

வேலிக்கு வெளியே, வேலியை ஒட்டியே ஓடுகிற தடத்தின் அந்தக் கோடியில் குப்பு வந்துகொண்டிருந்தாள். ரோட்டுக்கு அந்தப்பக்கத் தெரு. என்னைவிடச் சில வயது மூத்தவள். தினமும் ஆடுகளை இந்தத் தடத்தின் வழியாகத்தான் ஏரிக்கு ஓட்டிப் போவாள். முன்னால் ஆடுகள் வேலியோரப் புல்லைக் கடித்தபடி வர, தோளில் கழியைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தாள்.

கையை வீசிக்கொண்டு அவளை நோக்கி ஓடினேன். “குப்பு! நில்லு! வராதே!”

அவள் நிற்கவில்லை. முகம் சுளித்தது.

“இன்னாத்துக்கு டீச்சரம்மா வெரட்ற? நான் தடத்துலதானே வரேன். உங்க செடிய இன்னா தின்னுட்ச்சா?”

“அதில்ல! வேலியில கரெண்ட் இருக்கு! கிட்ட வராதே!”

“அது தெரியாதா? டிக்கு டிக்குன்னு சுண்டும். நான் எத்தினி தபா வாங்கிக்கீறேன்.” இன்னும் இரண்டடி முன்னால் வந்தாள். “போன மாசம் தேவராஜு இப்பிடித்தான் கத்தனாரு. இன்னிக்கி நீ. எங்க பாட்டன் காலத்துத் தடம் இது, தெர்தா?”

சண்டைக்குத் தயாராகிவிட்டாள். பேசிக்கொண்டே கழியைத் தோளிலிருந்து எடுத்து இடக்கைக்கு மாற்றினாள். காலியான வலக்கை, பேச்சுவாக்கில், பக்கத்திலிருந்த சவுக்குக் கழியின்மேல் ஊன்றிக்கொள்ளப் போனது. கழியில் கம்பி சுற்றியிருந்தது.

கரெண்ட் என்ற வார்த்தை அங்கே செல்லாக்காசாகிவிட்டது. அந்தப் பெட்டி அவளை அப்படிப் பழக்கியிருந்தது. என் இருபது வருஷப் பாடத்தில் அந்தக் கையை நிறுத்தும்படியான ஒரு வரி இல்லை.

“பாம்பு!” என்று கத்தினேன். “காலண்ட பாம்பு கீது! அசையாதே!”

‘கீது’ என்று நான் அதுவரை பேசியதில்லை. அன்றைக்கு அதுதான் வாயில் வந்தது.

குப்பு அப்படியே நின்றாள். கை பாதி வழியில் நின்றது. கண்மட்டும் கீழே இறங்கிக் கால்களைச் சுற்றித் தேடியது. நான் மூச்சிரைக்க ஓடினேன். இன்னும் பத்தடி இருந்திருக்கும்.

ஆடுகளுக்குப் பாம்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கறுப்பு ஆடு ஒன்று, நெற்றியில் மட்டும் வெள்ளை, கடலைத் தழைக்காகக் கழுத்தை நீட்டி இரண்டு கம்பிக்கு நடுவே தலையை விட்டது. கத்தக்கூட இல்லை. உடம்பு ஒரு முறை விறைத்தது. முன்னங்கால்கள் மடங்கின. கம்பியோடு ஒட்டிக்கொண்டே சரிந்தது. முடி கருகும் வாடை வந்தது.

“ஐயோ என் ஆடு!” என்று குப்பு அதன்மேல் பாய்ந்தாள்.

நான் அவள் இடுப்பைப் பிடித்தேன். அவள் என்னைவிடப் பலசாலி. இழுத்துக்கொண்டே இரண்டடி போய்விட்டாள். கால் வழுக்கி இருவரும் ஈரப்புல்லில் விழுந்தோம். நான் கையை விடவில்லை. அவள் முழங்கையால் என் விலாவில் குத்தினாள், கையைக் கடித்தாள்.

“உடு! உசுரு கீது, உடு!”

“இல்ல குப்பு. போயிடுச்சு. தொட்டா நீயும் போயிடுவே. பாரு, இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு, பாரு.”

எப்போதும் சுண்டிவிட்டு விட்டுவிடுகிற கம்பி, அன்றைக்கு விடவில்லை. அவள் அதைப் பார்த்தாள். உடம்பிலிருந்த முறுக்கு மெல்ல இறங்கியது. மற்ற ஆடுகள் ஏரிப் பக்கம் சிதறி ஓடின. நாங்கள் அப்படியே கிடந்தோம்.

தோளில்

தேவராஜ் ஓடிவந்தான். பின்னாலேயே மஞ்சுளா. கொட்டகையைத் திறந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கினான். ஆடு கம்பியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

வெளியே வந்து ஆட்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். பியூஸ் கட்டை கையிலேயே இருந்தது.

“ராத்திரிக்கு மட்டுந்தான் போடுவேன், அண்ணி. காலையில கயட்டிடுவேன். இன்னிக்கி மறந்துட்டேன்.”

குப்பு எழுந்து புடவையை உதறினாள். அழவில்லை. ஆட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் மடியைத் தொட்டுப் பார்த்தாள். பால் கட்டியிருந்தது.

“வூட்ல இதோட குட்டிங்க ரெண்டு கட்டி கீது” என்றாள் யாரிடமும் இல்லாமல். பிறகு தேவராஜை நிமிர்ந்து பார்த்தாள். “நீ தூக்கு.”

“இன்னா?”

“தூக்கினு எங்க வூட்டாண்ட வா. அதுங்க முன்னாடி எறக்கு. எங்க ஆளுங்க எப்பிடின்னு கேப்பாங்க. நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு.”

தேவராஜ் நின்றான். அவன் அந்தத் தெருவுக்கு ஆள் கூப்பிடப் போவான், ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் பேசிவிட்டு வருவான். செத்த ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, காலை வெயிலில், ஊர் முழுக்க விழித்திருக்கும்போது ரோட்டைத் தாண்டிப் போவது என்றால் என்ன என்று அங்கிருந்த நாலு பேருக்கும் தெரியும்.

“வண்டியில வச்சி அனுப்பறேன் குப்பு. வேற ஆடு…”

“தூக்கு” என்றாள் மஞ்சுளா.

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பியூஸ் கட்டையை அவளிடம் கொடுத்தான். குனிந்து ஆட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அதன் தலை அவன் முதுகில் தொங்கி ஆடியது. கழுத்து மணி ஒவ்வோர் அடிக்கும் ஒலித்தது.

குப்பு முன்னால் போனாள். நாங்கள் பின்னால். டீக்கடையில் பேச்சு நின்றது. “இன்னாபா தேவராஜு?” என்று யாரோ கேட்டார்கள். அவன் நிற்காமல் நடந்தான்.

குப்புவின் வீட்டு வாசலில் முருங்கைமரத்தில் இரண்டு குட்டிகள் கட்டியிருந்தன. மணிச்சத்தம் கேட்டதுமே கத்த ஆரம்பித்தன. அவன் ஆட்டை அவற்றின் முன்னால் இறக்கினான். கயிறு எட்டும் தூரத்தில்தான். இரண்டும் முட்டிக்கொண்டு வந்து, மண்டியிட்டு, மடியில் வாய் வைத்தன. வால்கள் ஆடின.

தெரு கூடிவிட்டது. குப்புவின் புருஷன் வேலு உள்ளேயிருந்து வந்து, “எப்பிடி?” என்று ஒரே வார்த்தை கேட்டான்.

குட்டிகள் பால் குடிக்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

“நான் வேலியில மெயின் கோத்தேன்” என்றான் தேவராஜ். “கயட்ட மறந்துட்டேன். குப்பு தொட்டிருக்கும். அண்ணி புடிச்சி இஸ்த்துட்டாங்க.”

அவ்வளவுதான் சொன்னான். சாக்கு எதுவும் சேர்க்கவில்லை. வேலு அவனை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. குப்புவின் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அதற்குப் பிறகு

போலீசில் சொல்லலாம் என்று அந்தத் தெருவில் சிலர் சொன்னார்கள். சொன்னால், பார்த்ததை நானும் சொல்வேன் என்று தேவராஜிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். இவரும் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. “சொந்தத் தம்பிய ஜெயிலுக்கு அனுப்புவியா?” என்று ஒரு முறை கேட்டார். குப்பு செத்திருந்தால் அப்போது என்ன கேட்டிருப்பீர்கள் என்று நான் கேட்டேன். அந்தப் பேச்சு அதோடு நின்றது. குப்பு புகார் கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. நான் போய்க் கேட்கவுமில்லை.

கறுப்பு ஒயரை மஞ்சுளா அரிவாளால் துண்டு துண்டாக நறுக்கினாள். பெட்டி மறுபடியும் மாட்டப்பட்டது. அந்தப் போகத்தில் பன்றிகளுக்கு ஒரு பங்கு போய்விட்டது. மிச்சத்தைப் பிடுங்கினார்கள்.

குப்பு தடத்தை மாற்றிக்கொண்டாள். ஏரிக்கரைமேல் ஏறி, உபரித் தண்ணீர் வழியும் கலங்கலைச் சுற்றிக்கொண்டு, வெகுதூரம் நடந்து ஆடுகளை ஓட்டிப் போனாள். பெட்டி சுண்டுகிறது, பயமில்லை என்று மஞ்சுளாவே போய்ச் சொல்லிப் பார்த்தாள். “கேக்குது. இருக்கட்டும்” என்றாளாம்.

அடுத்த போகத்துக் கடலை முளைத்து இரண்டு இலை விட்டிருந்த சமயம். ஒரு நாள் மஞ்சுளா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

“குப்பு திரும்ப இந்தத் தடத்துல வருது அக்கா.”

“எப்படி?”

“இவரு தொட்டுக் காட்றாரு.”

எனக்குப் புரியவில்லை. அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

பெருநகர் என்ற ஊரிலிருந்து வரும் காலை பஸ்ஸைப் பிடிக்க நான் ஏரிக்கரை வழியாகத்தான் போவேன். மறுநாள் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி, கரைமேல் நின்று பார்த்தேன்.

கீழே தேவராஜ் களை கொத்திக்கொண்டிருந்தான். வேப்பமரத்து வளைவில் குப்பு வந்து நின்றாள். கழியைக் குறுக்கே பிடித்து ஆடுகளை மறித்துக்கொண்டாள். கூப்பிடவில்லை. அவன் பார்த்துவிட்டான். களைக்கொத்தைக் கீழே போட்டான், கையை வேட்டியில் துடைத்தான், வேலியருகே வந்தான். புறங்கையை மேல்கம்பியில் வைத்தான்.

தோள்பட்டை தூக்கிப்போட்டது. கை தெறித்து விலகியது. ஒரு கணம் குனிந்து நின்றான். பிறகு நடுக்கம்பியில் வைத்தான். அடுத்து, ஆட்டின் கழுத்து உயரத்தில் இருந்த கீழ்க்கம்பியில்.

மூன்றும் முடிந்த பிறகு குப்பு கழியை எடுத்தாள். நாக்கால் ‘ட்ரூ ட்ரூ’ என்று ஆடுகளை முடுக்கினாள். அவை வேலியோரமாக ஓடிவந்தன. கறுப்புக் குட்டிகள் இரண்டும் இப்போது பெரிதாகிவிட்டிருந்தன. அவள் அவனைப் பார்க்கவுமில்லை, பேசவுமில்லை. அவன் கடைசி ஆடு தாண்டிப் போகும்வரை, கையை உதறிக்கொண்டு, வேலிக்கு உள்பக்கம் அங்கேயே நின்றான்.